துளையின்றி இணைப்பது எப்படி? – உராய்வுப் புள்ளிப் பற்றவைப்பின் வரலாறு

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் காலாப்பட்டுக்கு அருகே வரும் ஊர் பிள்ளைச்சாவடி. மீனவர்கள் வாழும் கடலோரச் சிற்றூர். 1984-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புதுச்சேரி பொறியியல் கல்லூரியின் முகவரியும் இதுதான். அக்கல்லூரி 2020-இல் புதுச்சேரி தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. கடலும் பட்டறையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இந்த ஊருக்குப் பொருத்தமான ஒரு கேள்வி உண்டு. இரண்டு பொருள்களை, அவற்றுக்குக் கேடு வராமல், ஒன்றாக இணைப்பது எப்படி?

இந்தக் கேள்வி இக்கரைக்குப் புதிதல்ல. துறைமுகம் இல்லாத காலத்தில் புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் கரையிலிருந்து தள்ளியே நங்கூரமிட்டன. ஆட்களும் சரக்குகளும் சலங்கு எனப்படும் படகுகளில்தான் கரை சேர்ந்தனர். சென்னையில் இதையே மசுலாப் படகு என்றார்கள். இப்படகின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. தென்னங்கயிற்றால் தைப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணி அடித்த விறைப்பான படகு ஆணியைச் சுற்றியே பிளக்கும். தைத்த படகோ சற்று நெளிந்து கொடுத்து அடியைத் தாங்கிக்கொள்ளும். இணைப்பு எவ்வளவு உறுதி என்று மட்டும் பார்த்தால் போதாது, இணைத்த செயல் சுற்றியுள்ள பொருளை என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும் என்பதே சலங்கு சொல்லும் பாடம்.

இதே பாடத்தை அலுமினியத் தகடுகளில் கற்றுக்கொள்ளப் பொறியியல் உலகுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்தப் பாதையின் ஒரு முக்கியமான கட்டமே உராய்வுப் புள்ளிப் பற்றவைப்பு.

1886: ஒரே ஆண்டில் இரண்டு பிறப்புகள்

1886-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சார்லஸ் ஹாலும் பிரான்சில் பால் எரூவும் ஒருவரையொருவர் அறியாமலேயே, அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தனர். அதுவரை விலையுயர்ந்த உலோகமாக இருந்த அலுமினியம் அதன்பிறகுதான் மலிந்தது. அதே ஆண்டில் எலிஹு தாம்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மின்தடைப் பற்றவைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

தாம்சன் முறையின் அடிப்படை எளிமையானது. இரண்டு உலோகத் துண்டுகளை அழுத்திப் பிடித்து அவற்றின் வழியே பெரும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், தொடும் இடத்தில் மின்தடையால் சூடு பிறந்து உலோகம் ஒன்றிவிடும். இதிலிருந்து வளர்ந்ததே ஸ்பாட் வெல்டிங் எனப்படும் புள்ளிப் பற்றவைப்பு. இரண்டு செம்பு மின்முனைகளுக்கு நடுவே தகடுகளை வைத்து அழுத்தினால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் ஒரு புள்ளி இணைந்துவிடும். ஓர் எஃகுக் காரின் உடலில் இத்தகைய புள்ளிகள் சில ஆயிரம் இருக்கும்.

ஒரே ஆண்டில் உலகுக்கு வந்த இந்த இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. காரணங்கள் மூன்று. முதலாவது, அலுமினியம் மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். தடை குறைவு என்பதால் சூடும் குறைவு. எஃகுக்குத் தேவைப்படுவதைப்போல் இரண்டு மூன்று மடங்கு மின்னோட்டம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது, அலுமினியத்தின் மேல் எப்போதும் ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அந்தப் படலமோ 2000 டிகிரியைத் தாண்டித்தான் உருகும். மூன்றாவது, சூடான அலுமினியம் செம்பு மின்முனையோடு கலந்து அதன் முனையை அரித்துவிடும். முனையை அடிக்கடி சீவிச் சரிசெய்ய வேண்டும். இவை போதாதென்று, உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சி, உறையும்போது அதைக் குமிழ்களாக விட்டுவிடும். அந்த நுண்துளைகள் உறுதியைக் குறைக்கும்.

சூடு பட்டால் கெடும் வலிமை

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று 1906-இல் தோன்றியது. அதைச் சிக்கல் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, பெரிய வெற்றி என்றுதான் கொண்டாடினார்கள். ஜெர்மானிய உலோகவியலாளர் ஆல்ஃபிரட் வில்ம், செம்பும் மக்னீசியமும் சிறிதளவு கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் முக்கிக் குளிர்வித்தார். உடனே அளந்தபோது அது மென்மையாகவே இருந்தது. சில நாட்கள் கழித்து அளந்தபோது கடினமாகியிருந்தது. யாரும் தொடாமலேயே உலோகம் வலுப்பெற்றிருந்தது. டியூராலுமின் என்று பெயர் பெற்ற இக்கலவைதான் விமானங்களின் உலோகமாயிற்று.

வலுப்பெற்றதற்குக் காரணம், கலவைக்குள் மிக நுண்ணிய துகள்கள் பிரிந்து நிற்பது. உலோக அடுக்குகள் வழுக்கிச் செல்வதை அவை தடுக்கின்றன. இன்று பரவலாகப் பயன்படும் 6061 கலவையும் இந்த வகைதான். அதை 530 டிகிரி அளவில் சூடாக்கி, நீரில் குளிர்வித்து, பிறகு 160 முதல் 180 டிகிரியில் பல மணி நேரம் வைத்திருப்பார்கள். இதற்கு டி6 நிலை என்று பெயர். இவ்வளவு பக்குவமாகச் சேர்த்த வலிமையைப் பற்றவைப்பின் சூடு சில நொடிகளில் கலைத்துவிடும். துகள்கள் கரைந்துபோகும் அல்லது பருத்துவிடும். இணைப்பு உறுதியாக இருந்தாலும் அதன் பக்கத்து உலோகம் தளர்ந்துவிடும். செம்பு மிகுந்த 2000 வரிசைக் கலவைகளும் துத்தநாகம் மிகுந்த 7000 வரிசைக் கலவைகளும் உறையும்போதே விரிசல் விடும் குணமும் கொண்டவை. அவற்றில் பல பற்றவைக்கவே தகாதவை என்று நீண்டகாலம் ஒதுக்கப்பட்டிருந்தன.

எனவே விமானத் தகடுகளை ரிவெட் அடித்தே இணைத்தார்கள். ரிவெட்டுக்குச் சூடு வேண்டாம். ஆனால் துளை வேண்டும்.

துளையின் விலை

துளை என்ன செய்யும் என்பதை 1988 ஏப்ரல் 28-ஆம் தேதி உலகம் பார்த்தது. ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த அலோகா ஏர்லைன்ஸ் 243-ஆம் எண் விமானத்தின் மேற்கூரை, முன்பகுதியில் ஏறத்தாழ 18 அடி நீளத்துக்கு நடுவானில் பிய்த்துக்கொண்டு போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். விமானி எஞ்சிய விமானத்தை மாவி தீவில் தரையிறக்கியதால் மற்றவர்கள் பிழைத்தனர். அது 19 ஆண்டுகள் பழைய போயிங் 737. தீவுகளுக்கிடையே குறுகிய தூரங்களாகப் பறந்து பறந்து கிட்டத்தட்ட 90 ஆயிரம் முறை ஏறி இறங்கியிருந்தது.

விசாரணை காட்டிய காரணம் இணைப்புதான். ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து இணைத்த இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இருந்த பசை, ஈரத்தாலும் அரிப்பாலும் விட்டுப்போயிருந்தது. சுமை முழுவதும் ரிவெட்டுகள் மேல் விழுந்தது. ஒவ்வொரு ரிவெட் துளையின் விளிம்பிலும் நுண்விரிசல்கள் கிளம்பி, ஒரு நாள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. உப்புக் காற்றில் பறந்த விமானம் அது என்பதைக் கடலோர வாசகர்கள் மறக்கக் கூடாது.

சூடு கொடுத்தால் வலிமை போகிறது, துளையிட்டால் விரிசல் வருகிறது. மூன்றாவது வழி இருக்கிறதா?

உராய்வு காட்டிய வழி

உராய்வுச் சூட்டால் உலோகத்தை இணைக்கலாம் என்பது முன்பே தெரிந்த செய்தி. 1956-இல் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த சுடிகோவ் என்ற தொழிலாளி, சுழலும் தண்டு ஒன்றை நிற்கும் தண்டோடு அழுத்தி இணைக்கும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். இரண்டு வகை எஃகால் ஆன எஞ்சின் வால்வுகள் இன்றும் இப்படித்தான் இணைக்கப்படுகின்றன. இதில் உலோகம் உருகுவதில்லை, பிசைந்த மாவுபோல் இளகி ஒன்றாகிறது. ஆனால் சுழற்றக்கூடிய உருண்டைத் தண்டுகளுக்குத்தான் இது பொருந்தும். அகலமான தகட்டை எப்படிச் சுழற்றுவது?

தகட்டைச் சுழற்ற வேண்டாம், நடுவில் மூன்றாவதாக ஒரு கருவியைச் சுழற்றினால் போதும் என்ற எண்ணம் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜுக்கு அருகில் உள்ள டி.டபிள்யூ.ஐ. பற்றவைப்பு நிறுவனத்தில் பிறந்தது. வேய்ன் தாமஸும் அவருடைய குழுவினரும் 1991 டிசம்பரில் இதற்குக் காப்புரிமை கோரினர். கருவிக்கு அகன்ற தோளும் அதன் நடுவில் சிறிய ஊசியும் உண்டு. ஊசி சுழன்றுகொண்டே தகட்டுக்குள் இறங்கும். தோள் மேற்பரப்பில் உராய்ந்து சூடாக்கும். உலோகம் உருகுநிலையை எட்டாமலேயே இளகி, ஊசியைச் சுற்றிக் கலக்கப்படும். கருவியைக் கோட்டின் வழியே நகர்த்தினால் பின்னால் தையல்போல இணைப்பு உருவாகும். இதுவே உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு.

உருகாததால் நுண்குமிழ்கள் இல்லை, உறையும்போது வரும் விரிசலும் இல்லை. பற்றவைக்கவே தகாதவை என்று ஒதுக்கிய கலவைகளும் இணைந்தன. 1990-களின் நடுவிலேயே நார்வேயில் கப்பல் தளப் பலகைகளுக்கு இம்முறை வந்துவிட்டது. 1999-இல் போயிங்கின் டெல்டா 2 ராக்கெட்டின் ஒரு பகுதி இம்முறையில் இணைக்கப்பட்டு விண்ணுக்குச் சென்றது.

கோடு புள்ளியானது

கார் தொழிற்சாலைக்கு நீண்ட கோடுகள் வேண்டாம், புள்ளிகள் போதும். அப்படியானால் கருவியை நகர்த்தாமல் ஒரே இடத்தில் இறக்கி, கலக்கி, தூக்கிவிட்டால் என்ன? ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் இதைச் செய்துகாட்டியது. 2003-இல் வெளிவந்த மாஸ்டா ஆர்.எக்ஸ்.-8 காரின் அலுமினியப் பின்கதவுகள் உராய்வுப் புள்ளிப் பற்றவைப்பால் இணைக்கப்பட்டன. மின்தடை முறையோடு ஒப்பிட்டால் ஆற்றல் செலவு 99 சதவீதம் குறைந்ததாக மாஸ்டா அறிவித்தது. பெரும் மின்னோட்டம் வேண்டாம், தெறிக்கும் தீப்பொறி இல்லை, தேயும் செம்பு முனையும் இல்லை. ஒரு மோட்டாரைச் சுழற்றும் மின்சாரம் போதும். கவாசாகி நிறுவனம் இதற்கான ரோபோக்களை உருவாக்கியது.

2005-இல் மாஸ்டா இன்னொரு படி முன்னேறியது. எம்.எக்ஸ்.-5 காரின் பின்மூடியில் அலுமினியத்தை எஃகோடு இதே முறையில் இணைத்தது. உருக்கி இணைத்தால் இவ்விரண்டுக்கும் நடுவே நொறுங்கும் தன்மையுள்ள சேர்மம் தடித்துவிடும். உராய்வு முறையில் அது கட்டுக்குள் நின்றது. இரு வேறு உலோகங்கள் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அரிப்பு வரும் என்பதால் துத்தநாகம் பூசிய எஃகைப் பயன்படுத்தினார்கள்.

நல்ல இணைப்பு எது?

வெளியிலிருந்து பார்த்தால் எல்லாப் புள்ளிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு வட்டத் தடம், நடுவில் ஒரு குழி. தரம் உள்ளேதான் இருக்கிறது. அதை அறியப் புள்ளியைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.

நடுவில் தெரிவது கலக்கப்பட்ட பகுதி. சூடும் பிசைதலும் சேர்ந்து பழைய படிக மணிகளை உடைத்து, சில மைக்ரோமீட்டர் அளவுள்ள புதிய மணிகளாக்கியிருக்கும். அதை அடுத்து, பிசைதலும் சூடும் ஓரளவு பட்ட பகுதி. அதற்கும் வெளியே சூடு மட்டும் தாக்கிய பகுதி. 6061 கலவையின் டி6 நிலையில் விக்கர்ஸ் கடினத்தன்மை ஏறத்தாழ 110 இருக்கும். சூடு தாக்கிய பகுதியில் அது 60, 70 வரை இறங்குவதுண்டு. உருகாத முறை என்றாலும் வில்மின் துகள்களுக்கு முழு விடுதலை கிடைக்கவில்லை. சேதம் குறைந்தது, மறையவில்லை.

ஆனால் வலிமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வேறொன்று. அதற்குக் கொக்கி என்று பெயர். ஊசி கீழ்த்தகட்டுக்குள் இறங்கும்போது அங்கிருக்கும் உலோகம் இடம் இல்லாமல் மேல்நோக்கி ஒதுங்குகிறது. இரு தகடுகளும் சந்திக்கும் கோடும் அதோடு மேலே வளைகிறது. புள்ளியின் விளிம்பில், இன்னும் ஒட்டாத அந்தக் கோட்டின் நுனி மீன்தூண்டில் முள்போல மேல்தகட்டுக்குள் ஏறி நிற்கும். உண்மையில் அது தயாராகக் காத்திருக்கும் ஒரு விரிசல். 2 மி.மீ. தடிமனுள்ள மேல்தகட்டில் கொக்கி 1 மி.மீ. ஏறிவிட்டால், அந்த இடத்தில் சுமையைத் தாங்க மிஞ்சுவது பாதித் தடிமன்தான்.

கொக்கியைத் தவிர்க்கக் கருவியைச் சீக்கிரம் தூக்கிவிட்டால் வேறு தொல்லை. ஒன்றிய பகுதியின் அகலம் குறைந்துவிடும். ஆக்சைடு படலம் சரியாக உடையாமல், தகடுகள் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும். இதை முத்த இணைப்பு என்று சொல்வார்கள். ஒட்டியதுபோலத் தோன்றும், இழுத்தால் விட்டுவிடும்.

எனவே இழுத்துப் பார்ப்பதே இறுதித் தேர்வு. தகடுகளை எதிரெதிராக இழுக்கும் சறுக்குச் சோதனை ஒன்று, மேலும் கீழுமாகப் பிரித்து இழுக்கும் குறுக்குச் சோதனை மற்றொன்று. எவ்வளவு சுமையில் விட்டது என்பதோடு எப்படி விட்டது என்பதும் முக்கியம். இரு தகடுகளும் வழுக்கிப் பிரிந்திருந்தால் ஒன்றிய அகலம் போதவில்லை என்று பொருள். புள்ளி ஒரு தகட்டிலிருந்து பொத்தான்போலப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் இணைப்பு பிடித்திருக்கிறது, சுற்றியுள்ள உலோகம்தான் தோற்றது என்று பொருள். சலங்கின் பாடம் இங்கே திரும்ப வருகிறது.

சிதம்பரத்தில் ஒரு கணக்கு

இந்த முறையின் ஒரு சிறப்பு, அதை ஆராயப் பெரும் செலவு வேண்டியதில்லை என்பது. பொறியியல் கல்லூரிப் பட்டறைகளில் இருக்கும் செங்குத்து மில்லிங் எந்திரத்தில், வெட்டும் கருவிக்குப் பதிலாகக் கெட்டியான கருவி எஃகில் கடைந்த தோளும் ஊசியும் பொருத்தினால் ஆய்வைத் தொடங்கிவிடலாம். இந்தியாவில் உராய்வுக் கலக்கல் ஆய்வு பல கல்லூரிகளுக்குப் பரவியதற்கு இந்த எளிமை ஒரு முக்கியக் காரணம் எனலாம்.

பிள்ளைச்சாவடியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் கடலூரைத் தாண்டிச் சிதம்பரம். அங்குள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் உற்பத்திப் பொறியியல் துறையில் இயங்கும் பொருள் இணைப்பு ஆய்வு மையம் இத்துறையில் உலக அளவில் அறியப்பட்ட பெயர். அங்கிருந்து கார்த்திகேயன், வி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, விமானக் கலவையான 2024-ஐ எடுத்துக்கொண்டது. சுழற்சி வேகம், இறங்கும் வேகம், இறங்கும் ஆழம், தங்கும் நேரம் ஆகிய நான்கையும் திட்டமிட்டு மாற்றி, எந்தச் சேர்க்கையில் இணைப்பு அதிகச் சுமை தாங்கும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை உருவாக்கினர்.

இதன் அருமை சமையலறையில் நிற்பவர்களுக்கு எளிதில் புரியும். தீ குறைந்தால் வேகாது, கூடினால் அடிப்பிடிக்கும். சுழற்சி வேகம் குறைந்தால் உலோகம் இளகாது. அளவு மீறினால் துகள்கள் கரைந்து தகடு தளரும். ஊசி ஆழம் குறைந்தால் பிடிப்பு இல்லை. கூடினால் மேல்தகடு மெலியும், கொக்கி ஏறும். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் காலம் போதாது, ஒன்று மாறினால் மற்றொன்றின் சரியான அளவும் மாறிவிடும். அதனால்தான் நான்கையும் சேர்த்துக் கணிக்கும் கணக்கு தேவைப்பட்டது.

மீண்டும் துளை

இவ்வளவும் செய்த பிறகு ஒரு குறை மிஞ்சியது. கருவியைத் தூக்கியதும் ஊசி இருந்த இடம் குழியாக நிற்கும். சாவித்துளை என்று இதற்குப் பெயர். ரிவெட் துளையை ஒழிக்க வந்த முறை வேறொரு துளையை விட்டுச் செல்கிறது. அந்த இடத்தில் உலோகம் குறைவு. மழை நீரும் உப்பு நீரும் அதில் தேங்கும். பெயின்ட் சரியாக உள்ளே போகாது. கடலோரத்தில் ஓடும் வண்டிக்கு இது சிறிய குறையல்ல.

ஜெர்மனியின் கீஸ்டாக்ட் நகரில் இருந்த ஜி.கே.எஸ்.எஸ். ஆய்வு மையம் இதற்கு அழகான விடை கண்டது. ஷில்லிங், டாஸ் சான்டோஸ் ஆகியோருக்கு 2004-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. கருவியை ஒரே துண்டாகச் செய்யாமல் அழுத்திப் பிடிக்கும் வளையம், சுழலும் குழாய், சுழலும் ஊசி என்று மூன்றாகப் பிரித்தனர். குழாய் இறங்கும்போது ஊசி மேலே ஏறும். இடம்பெயர்ந்த உலோகம் ஊசி விட்ட இடத்தில் போய்த் தங்கும். பிறகு குழாய் மேலேற, ஊசி இறங்கி அந்த உலோகத்தை எடுத்த இடத்திலேயே திணித்துவிடும். மேற்பரப்பு ஏறத்தாழச் சமமாகிவிடும். கருவியின் விலையும் நுட்பமும் ஒரு புள்ளிக்கு ஆகும் நேரமும் கூடுகின்றன என்பது இதன் மறுபக்கம்.

திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த வேணுகுமார், யலகி, முத்துக்குமரன் ஆகியோர் 2013-இல் வேறு வழி காட்டினர். 6061 டி6 தகடுகளில் வழக்கமான முறையில் புள்ளியிட்டு, பிறகு நிரப்புத் தகடு ஒன்றைக் கொண்டு குழியை அடைத்தனர். அவர்கள் சோதித்த எல்லாச் சுழற்சி வேகங்களிலும், அடைக்கப்பட்ட புள்ளிகள் குழியுள்ள புள்ளிகளைவிட அதிகச் சறுக்குச் சுமை தாங்கின. சிக்கலான மூன்று துண்டுக் கருவி இல்லாமலேயே குழியை அடைக்க முடியும் என்பது இதன் பயன்.

தையலின் ஆயுள்

இந்த வரலாற்றைத் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். குறையே இல்லாத இணைப்பு என்று எதுவும் இல்லை. மின்தடைப் புள்ளி சூட்டைத் தந்தது, ரிவெட் துளையைத் தந்தது, உராய்வுப் புள்ளி கொக்கியையும் சாவித்துளையையும் தந்தது. ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதன் குறையைக் குறைத்து, புதிதாக ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டது. வேறுபாடு, அந்தப் புதிய குறை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை வெட்டிப் பார்த்தும் இழுத்துப் பார்த்தும் அறிந்துகொண்டார்களா என்பதில்தான் இருக்கிறது. 1988-இல் அந்த விமானம் சிதைந்ததற்குக் காரணம் ரிவெட் துளைகள் மட்டுமல்ல. துளைகளைச் சுற்றி வளர்ந்த விரிசல்களைச் சோதனையில் கண்டுபிடிக்காமல் விட்டதும் காரணம் என்று விசாரணை பதிவு செய்தது.

சலங்கிலும் துளை இருந்தது. கயிறு நுழையப் பலகையில் துளையிட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் படகோட்டிகள் அதை மறைக்கவில்லை, மறக்கவும் இல்லை. துளைகளை நாரால் அடைத்தார்கள். கயிறு நைந்துவிடும் என்பது தெரிந்திருந்ததால், பிரித்து மறுபடியும் தைத்தார்கள். இணைப்புக்கு ஆயுள் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டு, அதைத் தொடர்ந்து சோதிப்பவன் கையில்தான் எந்தத் தையலும் நிற்கும். அது தென்னங்கயிறாக இருந்தாலும் சரி, அலுமினியப் புள்ளியாக இருந்தாலும் சரி.